பூஜ்யம்

முதலில் மணலில் ஒரு துரு நிறம்.
வெற்றிலைக் கறை மாதிரி. அவ்வளவுதானே என்று விட்டேன்.
மத்தியானம் விளக்கு உச்சிக்கு வர வர
நூல் விட்டது, சளி போல,
ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி.
ராத்திரி விளக்கணைந்தால் ஒன்றுமில்லை.
காலையில் சொல்லிவைத்தாற்போல மறுபடி,
கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் விழுந்ததும்
கூடுகிற கூட்டம் மாதிரி.

உறிஞ்சி எடுத்தேன். தண்ணீர் மாற்றினேன்.
வாரம் இருபது லிட்டர் என்பதை நாற்பதாக்கினேன்.
இரண்டு மாடி, இரண்டு கேன், முட்டியில் ஒரு சத்தம்.
உப்பைக் கரைத்து, அளந்து, ஊற்றி
மறுநாள் பார்த்தால் முன்னைவிடத் தடிமனாய்
பவளத்தின் கழுத்தைச் சுற்றிக் கிடக்கிறது.

ஜன்னல் கட்டையில் விரல் வைத்தால் கறுப்பு ஒட்டும் வீடு இது.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
துவைத்ததை இன்னொரு முறை துவைக்க வேண்டும்.
நாலடிக் கண்ணாடிக்குள் மட்டுமாவது
ஒரு தூசு இருக்கக் கூடாது என்று நினைத்தது
தப்பா?
நைட்ரேட் பூஜ்யம். பாஸ்பேட் பூஜ்யம்.
சோதனைக் குழாயில் நிறமே ஏறாத தண்ணீரை
கிருபைக்குத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்,
பரீட்சைத் தாள் காட்டுகிற பையன் போல.

நத்தைகள் ஒவ்வொன்றாக மல்லாந்தன.
அதைத் தின்றுதான் செத்தன என்று பிறகு தெரிந்தது.

தண்டையார்பேட்டை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
சாப்பாட்டு நேரம்.
நசீமா கையுறையைக் கழற்றாமலே
என் சொட்டைக் கண்ணாடித் துண்டில் பரப்பினாள்.
"யாரோட சாம்பிள்?"
"தொட்டியோடது."
சிரித்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள்.
எள்ளின் தூளைவிடச் சின்னது,
முளையில் கட்டின ஆடு மாதிரி
அதே இடத்தில் சுற்றிச் சுற்றி,
ஒன்றல்ல.
கோபம் வரவேண்டிய நேரத்தில்
அவள் டிபன் பாக்ஸை மூடும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொளத்தூர் கடையில் ஜெபமணி
பையில் மீன் கட்டிக்கொண்டே கேட்டார்:
"நைட்ரேட்டு எவ்ளோ வச்சிருக்க?"
சொன்னேன், பெருமையாகத்தான்.
ரப்பர் பேண்டை வாயிலிருந்து எடுத்தார்.
"காலி மனையப் பாத்தா
மொதல்ல வர்றவன் வேலி போட்ருவான்பா.
தண்ணி மாத்தாத. பட்டினி போடாத.
கொஞ்சம் அழுக்கு குடு."

வீட்டில் சொன்னபோது கிருபை
தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு இரண்டாம் தடவை.
பிழிந்த துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"இந்தத் தெருவுல அழுக்குக்கா பஞ்சம்?
காசு குடுத்து வேற வாங்கினியா?"
வாங்கித்தான் வந்திருந்தேன்.
வெள்ளைப் பொடி, நூறு கிராம், ரசீதோடு.

மூன்று நாள் போர்வை போர்த்தி மூடினேன் தொட்டியை.
சிலிண்டர் கொண்டுவந்தவர் குரலைத் தாழ்த்தி
என்ன ஆச்சு சார் என்றார்.
புறஊதா விளக்கு ராத்திரியெல்லாம் பம்போடு முனகியது,
அதுகள் மணலைவிட்டு எழுந்து நீந்தும் நேரம் பார்த்து.
மூன்றாம் இரவு கரண்ட் போனது.
பேட்டரிக் குமிழிகளின் சத்தத்தைக் கேட்டபடி
விழித்திருந்தேன்.

போன வருஷம் திருவொற்றியூரில்
கல் குவியல்மேல் நின்று பார்த்தோம்,
அலை உடைந்த இடமெல்லாம் நீலமாய் எரிந்தது.
கிருபை செருப்போடு இறங்கிக் காலால் அடித்து அடித்துப் பார்த்தாள்.
அதுவும் இதுவும் பங்காளி வகையறாவாம்.
அன்றைக்குக் கைதட்டினோம்.

இப்போது நைட்ரேட் ஐந்து.
குழாயில் லேசான இளஞ்சிவப்பு. காட்டவில்லை யாருக்கும்.
பின்மூலையில் உள்ளங்கையளவு பழுப்பு இன்னும் இருக்கிறது,
சில நாள் அகலமாய், சில நாள் ஒடுங்கி.
முன் கண்ணாடியில் பச்சை படர்ந்து
உள்ளே இருப்பது பாதிதான் தெரிகிறது.
சுரண்டியை எடுத்தேன்,
புது நத்தை அதில் மெதுவாக ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தது.
திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன்.